மேல்பாதியைக் கத்தரித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நியூயார்க் புகைப்படக்காரர் சால் லைட்டரைப் பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பிரித்துப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு விரிவாக நான் படிப்பது இதுதான் முதல் தடவை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் இரண்டு விஷயம் மூன்று நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிட்டால்தான் ஆறும்.

ஒன்று, மூன்றாம் பக்கத்துப் படம். 1958இல் எடுத்தது, 'கேனப்பி' என்று பெயர். கடை வாசலில் வெயிலுக்கும் பனிக்கும் நீட்டிக் கட்டியிருக்கும் சாய்ப்புக்கு அடியில் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார். அந்தச் சாய்ப்பின் அடிப்பக்கம் கருகருவென்று படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே மிஞ்சிய ஒரு பட்டையில்தான் தெரு, பனி, நடந்து போகிற ஜனம் எல்லாம். நீங்கள் அந்தக் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டுக் கீழ்ப்பட்டையை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இடம் பத்தாமல் இருந்திருக்கும், கறுப்பில் என்ன இருக்கிறது என்று லேஅவுட் செய்தவர் நினைத்திருப்பார், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வெட்டிய பிறகு அது பனி பெய்யும் ஒரு தெரு, அவ்வளவுதான். அப்படி ஆயிரம் படம் இருக்கிறது. குளிருக்கு ஒதுங்கி நிற்கிறவன் தலைக்கு மேல் கூரை கவிந்திருக்க, கண்ணுக்கு எட்டியவரை மட்டும் தெருவைப் பார்க்கிறானே, அந்த நிற்பு முழுக்க மேலே உள்ள கறுப்பில்தான் இருந்தது.

இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம், நான் கும்பகோணத்தில் ஒரு கலர் லேபில் 1991இலிருந்து 18 வருடம் பிரிண்ட் போட்டவன். என் வேலையில் பாதி இந்த வெட்டு வேலைதான். 36 படம் ரோலில் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடிந்து, ரோலைக் கழுவக் கொடுக்க வருகிற வழியில், மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று எதையாவது அடித்துத் தள்ளிவிட்டு வருவார்கள். திண்ணையில் கழற்றிப் போட்ட செருப்புகள், கொடியில் காயும் வேட்டி, மண்டபத்து வாசலில் நிற்கும் டிவிஎஸ் 50. ஆள் இல்லாத படத்துக்குப் பிரிண்ட் போடாதே, வாங்கமாட்டார்கள் என்பது கடையில் எழுதப்படாத சட்டம். அப்படி ஒரு ரோலின் கடைசி ஃப்ரேமை நான் ஆசைக்குப் பிரிண்ட் போட்டேன். மழையில் நிற்கும் பஸ்ஸுக்குள் இருந்து எடுத்தது. முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்த யாரோ ஒருவரின் கை, மங்கலாக, படத்தில் பாதி. கைக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் சுவர். சுவரோரம் பாவாடை சட்டை போட்ட பெண் ஒருத்தி தாம்பாளத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி ஓடுகிறாள். கொடுத்தவர் பார்த்துவிட்டு, "இது தப்பா விழுந்தது, இதுக்குக் காசு கழிச்சுக்குங்க" என்றார். கழித்துக்கொண்டேன். படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பல வருடம் கழித்து லைட்டரின் படங்களை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கைதான். 1957இல் அவர் எடுத்த டாக்ஸி படம் ஒன்றில், காருக்குள் வாரைப் பிடித்திருக்கும் ஒரு கைதான் நம்மைப் பிடித்து நிறுத்தும். உள்ளே இருப்பவரின் முகத்தை நாம் தேடுவதே இல்லை.

நாங்கள் கழித்துக்கட்டியதையெல்லாம் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடி எடுத்திருக்கிறார். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள், முகம் கிடையாது. 1957இல் 'த்ரூ போர்ட்ஸ்' என்று ஒன்று, மேலும் கீழும் பலகை மறைத்துக்கொள்ள நடுச்சந்தில் தெரிகிற தெரு. 1950 வாக்கில் எடுத்த 'ஃபுட்பிரிண்ட்ஸ்', மேலே இருந்து பார்த்தால் வெள்ளைப் பனி, காலடித் தடங்கள், ஒரே ஒரு சிவப்புக் குடை. புகழ்பெற்ற ஒருவரின் படத்தைவிட மழைத்துளி படிந்த ஜன்னல்தான் தனக்குச் சுவாரஸ்யம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை உங்கள் கட்டுரையாளர் எடுத்துக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, ஃபிலிம். காலாவதியான ரோலை அவர் மலிவாக வாங்கிப் பயன்படுத்தினார் என்பதை வறுமையின் அடையாளமாக மட்டும் கட்டுரை சொல்கிறது. காசு மிச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய ரோலில் கலர் எப்படித் திரும்பும் என்று கழுவி எடுக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. லேபில் எங்களுக்கு அது பெரிய தலைவலி, மணப்பெண்ணின் அரக்குச் சேலை வேறு ஏதோ நிறத்தில் வந்து நிற்கும், வசவு எங்களுக்கு. நெகட்டிவாக இருந்தால் பிரிண்டில் ஃபில்டரைத் தள்ளி ஓரளவு சரிக்கட்டலாம். லைட்டர் கலரில் எடுத்ததோ பெரும்பாலும் ஸ்லைடு, அதாவது கழுவியதும் ஃபிலிமிலேயே நேர்ப்படமாக வந்துவிடுவது. அதில் விழுந்தது விழுந்ததுதான். அந்த எதிர்பாராத நிறம் அவருக்குப் பிடித்திருந்தது. அடிப்படையில் அவர் ஓவியர் என்பதை மறந்துவிடக் கூடாது. கடைசிவரை தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் வருத்தத்தில் பெரும்பங்கு இதில்தான். 'உலகம் கைவிட்ட கலைஞன்' என்று தலைப்பு வைத்து, கட்டுரை முழுக்க ஒரு சோகக் கதையாக இழுத்துப் போயிருக்கிறீர்கள். 1923இல் பிட்ஸ்பர்க்கில் யூதச் சமயநூலான தல்மூதைக் கரைத்துக் குடித்த ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர், தானும் ரப்பியாக, அதாவது யூத மதகுருவாக வேண்டும் என்றுதான் படிக்க அனுப்பப்பட்டார். 1946இல் அந்தப் படிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓவியம் வரைய நியூயார்க் போனார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அங்கே பூசெட்-டார்ட் என்ற ஓவியர் நண்பரானார், அவர் மூலம் புகைப்படத்தில் நாட்டம் கூடியது. புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் எடுத்த சில பிரிண்டுகளைக் கொடுத்து அதற்கு மாற்றாக ஒரு லைக்கா கேமரா வாங்கினார். பள்ளிக்கூடம் போய்க் கேமரா படித்தவர் இல்லை. 1948இலேயே கலரில் எடுக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்தில் கலர் என்றால் விளம்பரத்துக்கு, கலை என்றால் கறுப்பு வெள்ளை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எகிள்ஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் கலர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்ததே 1976இல்தான். அந்தக் கண்காட்சியை வைத்துத்தான் கலரின் கதையைத் தொடங்குவார்கள். அப்போது லைட்டரின் பெட்டிகளில் 28 வருடத்து ஸ்லைடுகள் இருந்தன.

இதெல்லாம் உண்மை. ஆனால் உலகம் அவரைத் தேடியே வரவில்லை என்பது உண்மை இல்லை. 1953இல் அதே அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டைக்கன் அவர் படங்களைக் கண்காட்சியில் வைத்தார். அடுத்து ஸ்டைக்கனின் 'ஃபேமிலி ஆஃப் மேன்' என்ற பெரிய புகைப்படக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தபோது இவர்தான் வேண்டாம் என்றார். 1958இலிருந்து 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைக்கு ஃபேஷன் படங்கள் எடுத்தார், அந்த மாடல்களையும் கண்ணாடிக்குப் பின்னாலும் தூணுக்குப் பக்கத்திலும் நிறுத்தி, பாதி மறைத்து எடுத்தவர் அவர். பத்திரிகைகளின் ருசி மாறியது, இவர் மாறவில்லை, 1981இல் ஸ்டூடியோவை மூட வேண்டி வந்தது. பணக்கஷ்டம் இருந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஈஸ்ட் டென்த் ஸ்ட்ரீட்டில் 1950களில் குடிபோன அதே இடத்தில் இருந்துகொண்டு, அதே நாலு தெருவில் நடந்து, வரைந்துகொண்டு, எடுத்துக்கொண்டுதான் இருந்தார். கலர் பிரிண்ட் போடச் செலவு அதிகம் என்பதால் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து ஸ்லைடுகளைச் சுவரில் காட்டுவாராம். கண்டுகொள்ளப்படாமல் இருப்பது ஒரு பெரிய சலுகை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருடைய பழைய கலர் படங்களின் தொகுப்பான 'எர்லி கலர்' புத்தகம் 2006இல் வந்தபோது அவருக்கு வயது 82. 2013 நவம்பரில் இறந்தார். நீங்கள் அந்தக் கடைசி ஏழு வருடத்தை வெற்றி என்றும் மற்றதைக் காத்திருப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் எதற்காகவும் காத்திருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பிடித்த படங்களில் முக்கால்வாசி, யாரும் பார்க்காத அந்த வருடங்களில் எடுத்ததுதானே.

ஒருவர் கடைவீதிக்குக் காய் வாங்கப் போகிற தூரத்துக்குள் 60 வருடம் படம் எடுத்திருக்கிறார், அதில் ஒன்றுகூட நமக்கு அலுக்கவில்லை. கட்டுரை அதைப் பற்றியல்லவா இருந்திருக்க வேண்டும்? நாள்தோறும் ஒரே சன்னல், ஒரே நடைபாதை, அதில் இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று அவர் எப்படிப் பார்த்தார், மறைக்கிற தூணுக்காக ஏன் நகர்ந்து நிற்காமல் தூணையும் சேர்த்து எடுத்தார் என்றெல்லாம் எழுதியிருந்தால், இன்றைக்குப் போனில் படம் எடுத்துப் பழகும் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். என் தங்கை மகன் நல்ல படம் எடுக்க லடாக் போக வேண்டும் என்று பணம் சேர்க்கிறான். அவனிடம் உங்கள் இதழைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாவம் மாமா, லேட்டாத்தான் பேர் வந்திருக்கு" என்றான். அவன் மேல் தப்பில்லை, கட்டுரையில் அதுதான் இருந்தது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்த 'கேனப்பி' படத்தை மறுபடியும் போடுங்கள். பெரிதாக வேண்டாம், தபால்தலை அளவு போதும். நாலு ஓரமும் இருக்கட்டும், மேலே உள்ள கறுப்பு சாம்பலாக வெளிறிப் போகாமல் நல்ல கறுப்பாக விழட்டும்.

அன்புடன்,
பழைய கலர் லேப்காரர் ஒருவர்,
கும்பகோணம்.