சூடு காட்டும் முள் ஏறினால் வண்டியை நிறுத்திவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பேசியதில் பாதி, பாப்பா அழுத அழுகையில் கேட்கவில்லை. ஆனால் "நம்ம மாருதி 800 சூடாகுது, மெக்கானிக் பார்த்தார், ஹெட் கேஸ்கெட் போச்சாம், 18,000 ஆகுமாம்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடு அது. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் சரி சரி என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்.

அந்த மெக்கானிக்கிடம் இன்னும் சரி என்று சொல்லாதே. யாரிடமும் கடன் கேட்காதே.

நீ சொன்னதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். பொள்ளாச்சி தாண்டி ஓடிக்கொண்டிருந்த வரை சூடு காட்டும் முள் பாதியிலேயே நின்றது. பழனி ஊருக்குள் நெரிசலில் நின்றதும் மளமளவென்று ஏறியது. மறுபடி ரோடு கிடைத்ததும் இறங்கியது. அப்படித்தானே சொன்னாய்? அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் ஃபேனை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போதுதான் ஃபேனுக்கு வேலை. இதற்கு நேர்மாறாக, நிற்கையில் ஒன்றுமில்லாமல் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடானால், ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கிறதா, தண்ணீர் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலுக்கு ஏறும்போது டம்டம் பாறைப் பக்கம் நின்றுபோனோமே, அது அந்த வகை.

ஃபேனைச் சோதிக்கக் காசே வேண்டாம். ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிரு. முள் பாதி வந்து கொஞ்சம் தாண்டும்போது ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் முள் மேலே போனால் உடனே அணைத்துவிடு. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனால், பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்ப்பார். அப்போது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ சென்சாரிலோ வயரிலோ இருக்கிறது. அவையெல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற சமாசாரம். மோட்டாரே போயிருந்தாலும் பயப்படாதே, உக்கடம் பக்கம் பழைய உதிரி பாகங்களில் கிடைக்கும். மாருதி 800 ஓடாத ஊர் நம் நாட்டில் கிடையாது. ஆனால் ரேடியேட்டர் மூடி, தண்ணீர் போகும் ஹோஸ், சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட், இந்த மூன்றையும் பழையதாக வாங்காதே. அதில் மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

மூடி என்றதும் அலட்சியமாக நினைக்காதே. குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஆவி பக்கவாட்டில் போய் விசில் வராதே, அதே கதைதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் ஏறக்குறைய 120 வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் மேலேயே 0.9 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அதே எண்ணுள்ள மூடியை வாங்கு. அடியில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடு.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போன மறு வருஷம், 2013-ல், ஒரு பட்டறையில் என்னிடம் கேட்காமலே அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். "வால்வை எடுத்தாச்சு, இனி சூடாகாதுக்கா" என்றார்கள். நானும் நம்பினேன். அப்புறம் காலையில் நிலக்கோட்டைப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை முள் எழும்பவே இல்லை. பெட்ரோல் மட்டும் அதிகமாகக் குடித்தது. இன்ஜினுக்கு அளவான சூடு வேண்டும், தம்பி. குளிர்ந்தே கிடந்தாலும் அதற்குக் கேடுதான். புதிதாக வாங்கியதை மாட்டுவதற்கு முன் நானே அடுப்பில் சோதித்தேன். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டேன். தண்ணீர் கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மெல்லத் திறந்தது. இறக்கி ஆறவைத்ததும் மூடிக்கொண்டது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். உன்னிடம் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

சரி, கேஸ்கெட் உண்மையாகவே போயிருந்தால் எப்படித் தெரியும்? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். அடியில் பால் கலந்த டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் ஒரு தித்திப்பு வாடை அடித்தால் அதுவும் அடையாளம். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே போவதும் அப்படித்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். உள்ளே விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இதில் எதையாவது அந்த மெக்கானிக் உன்னிடம் காட்டினாரா? காட்டாமல் 18,000 கேட்டால் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எப்படி என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. 2015 மே மாதம், கத்திரி வெயில். பள்ளிக்கூட வேலை முடித்துத் திரும்பும்போது முள் சிவப்புக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் 6 கிலோமீட்டர்தான். இழுத்துக்கொண்டு வர ஆள் கூப்பிட்டால் செலவாகுமே என்று ஓட்டியே வந்துவிட்டேன். அந்த 6 கிலோமீட்டரில் ஹெட் வளைந்துபோயிற்று. அது அலுமினியம், சூட்டைத் தாங்காது. ஹெட்டை இறக்கி, திண்டுக்கல் லேத் பட்டறையில் ஃபேசிங் பிடித்து மட்டமாக்கி, புது கேஸ்கெட் போட்டு முடிப்பதற்குள் என் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. பீரோவில் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. உன் செமஸ்டர் ஃபீஸ் நேரம் அது, அதனால் சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். முள் முக்கால் தாண்டினால் ஏசியை அணை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டிக்குள் காற்று வரும் அதன் ஃபேனைத் திருப்பு, கண்ணாடிகளை இறக்கிவிடு. வேர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜினிலுள்ள சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறி, ஓரம் கட்டுவதற்கு நேரம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று நினைக்காதே. நிறுத்து, அணை, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விடுங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியில் கை வைக்காதே. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்த மாத்திரத்தில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதே, சூட்டில் இருக்கும் உலோகம் விரிசல் விடும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். நடு ரோட்டில் வேறு வழியில்லை என்றால் போட்டுக்கொள், ஆனால் பட்டறை வந்ததும் எல்லாவற்றையும் கழுவி எடுக்கச் சொல். இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். போர் தண்ணீரையும் ஊற்றாதே. நம் வீட்டுக் குண்டானில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதேபோல ரேடியேட்டருக்குள்ளும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் போதும். ஒன்றை மறக்காதே, கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். டப்பாவைப் பாப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில் வை. கீழே சிந்தினால் உடனே கழுவிவிடு.

2023-ல் எஃப்சி காட்டி 2028 வரை புதுப்பித்த வண்டி அது. விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். உன் சம்பளத்தில் இப்போது வேறு வண்டி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அதற்காக நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபேன், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலண்ட் என்று இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போ. மாசம் ஒன்று செய்தாலும் போதும். அதுவரை நெரிசல் அதிகமுள்ள அவிநாசி ரோட்டுப் பக்கம் எடுக்காதே, ஆபீசுக்குப் பஸ்ஸில் போ.

நாளைக் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துச் செய். என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல், அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா
வத்தலக்குண்டு