பெயிண்ட் அடிக்கும் முன் தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

வாடகைக்கு விடப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் சுவர் ஓதம் பிடிக்கிறது, பூஞ்சை படர்கிறது என்று புகார் வரும்போது அது கையாளப்படும் முறையைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன். குடியிருப்பவர் கறையைக் காட்டுகிறார். உரிமையாளர் "நீங்கள் ஜன்னலையே திறப்பதில்லை" என்கிறார். சங்கத்தாரோ அது வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினை, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு பெயிண்டர் வந்து, கறுத்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்துவிட்டுப் போகிறார். சில மாதங்களில் அதே இடத்தில் அதே கறை மீண்டும் எழுகிறது. இத்தனை பேர் இத்தனை பேசியும், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. யார் குற்றம் என்பதைப் பேசும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பூஞ்சையின் நுண்வித்துகள் எல்லாக் காற்றிலும் உள்ளன. அவற்றுக்குத் தேவையான உணவும் எல்லா வீட்டிலும் உண்டு: மரம், காகிதம், பசை, துணி, பெயிண்டின் மேல் படிந்த தூசி என எதுவானாலும் போதும். நம் கட்டுப்பாட்டில் இருப்பது ஈரம் ஒன்றே. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது; அதற்கு மேல் ஈரம் நின்றால், எவ்வளவு சுத்தமாகத் துடைக்கும் குடும்பமாக இருந்தாலும் அது வரத்தான் செய்யும். ஆகவே பூஞ்சையைக் குடித்தனக்காரரின் அசுத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு.

அடுக்குமாடி வீட்டுச் சுவருக்கு ஈரம் வரும் வழிகள் சில உண்டு. அவற்றைப் பிரித்தறிவது அப்படியொன்றும் கடினமல்ல. முதலாவது, வெளியிலிருந்து வரும் மழைநீர்: மொட்டை மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சில் விரிசல், வெளிச்சுவரின் பூச்சில் வெடிப்பு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய இடைவெளி, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் ஆகியவை இதன் வாயில்கள். இது மழைக்குப் பின் கூடும். மழையில்லாத நாட்களில் குறையும். இரண்டாவது, குழாய்க் கசிவு. மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் டைல்ஸ் இடுக்கு, கழிவுநீர் வடிகால் இணைப்பு, சுவருக்குள் புதைந்த குழாய் ஆகியவற்றிலிருந்து வருவது இது. மழையோடு இதற்குத் தொடர்பிருக்காது. மாறாக, மேல்வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் கறை வெளுத்தால் அதுவே பாதி விடை. தரைத்தளத்தில் மட்டும் மண்ணின் ஈரம் சுவர் வழியே மேலேறுவதுண்டு. அது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும், அந்தக் கோட்டை ஒட்டி உப்புப் பூத்திருக்கும். ஐந்தாம் மாடிச் சுவரைப் பார்த்து "மண்ணிலிருந்து ஏறுகிறது" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நீங்கள் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

எஞ்சியிருப்பது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிவது. வாக்குவாதங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே நடப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான் இதுவும் நிகழ்கிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் (அதாவது, அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் 60 சதவீதம்) உள்ள அறையில், 12 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். ஆனால் பூஞ்சைக்குத் துளி தேவையில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே போதும். மேற்சொன்ன அதே அறையில் சுவர் சுமார் 15 பாகைக்கு இறங்கும்போதே அந்த நிலை வந்துவிடும். தொட்டால் காய்ந்திருப்பதாகத் தோன்றும் சுவரில் பூஞ்சை வளர்வதற்கு இதுவே காரணம். வெளிச்சுவர்கள் சந்திக்கும் மூலைகள், காங்கிரீட் தூணும் விட்டமும் செங்கல் சுவரோடு சேரும் இடங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறம் ஆகியவை அறையின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்திருப்பதால், கறை முதலில் அங்கேதான் தோன்றும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த வானிலையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வெளியே 30 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 24 பாகையிலேயே நீர்த்துளியாகத் தொடங்கும். குளிர்சாதனத்தால் அதற்குக் கீழே குளிர்ந்துவிட்ட சுவர் இருக்கும் அறையில், காற்றோட்டம் நல்லது என்று ஜன்னலைத் திறந்துவைத்தால், வெளியிலிருந்து ஈரத்தை அழைத்துவந்து சுவரில் ஒட்டவைக்கிறோம். குளிர்சாதனம் ஓடும் அறைக்கு அடுத்த வீட்டுப் பொதுச்சுவரும் இவ்வாறே வியர்க்கக்கூடும். அங்கே குடியிருப்பவர் என்னதான் செய்ய முடியும்? "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்ற ஒற்றை அறிவுரையை எல்லாக் காலத்துக்கும் எல்லா வீட்டுக்கும் பொதுவாக வழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிக்காற்று உள்காற்றைவிட வறண்டிருக்கும்போது மட்டுமே அது மருந்து. அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு அளவி ஒன்றை உரிமையாளர் வீட்டிலேயே பொருத்திக் கொடுத்தால், வாக்குவாதத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும். அது 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பொதுவாகக் கவலையில்லை.

குடியிருப்போருக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறது. துவைத்த துணிகளை மூடிய அறையில் காயப்போடுவது அதில் கணிசமான பங்கு. பாத்திரத்தை மூடிச் சமைப்பது, குளித்த பின் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைக் கால் மணி நேரமேனும் ஓடவிடுவது, அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது, கசிவைக் கண்டவுடன் எழுத்தில் தெரிவிப்பது ஆகியவை குடியிருப்பவரின் கடமைகள். ஆனால் இவற்றைச் செய்வதற்கான வசதி வீட்டில் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத, திறக்கும் ஜன்னலும் இல்லாத குளியலறையைக் கொடுத்துவிட்டு நீராவியை வெளியேற்றச் சொல்வது எப்படி நியாயமாகும்? துணி உலர்த்தப் பால்கனியும் கிடையாது, மாடிக்குப் போகவும் அனுமதி கிடையாது என்றால் துணி எங்கேதான் காயும்? ஃபேன் இருக்கும் வீடுகளிலும் அது ஊதும் காற்று உண்மையில் வெளியே போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பழைய தட்டுமுட்டுச் சாமான்களால் அடைந்துபோன குழாய்ச் சந்துக்குள் (குழாய்கள் மேலும் கீழும் செல்லும் குறுகிய இடைவெளிக்குள்) அது ஊதினால், ஈரம் அடுத்த மாடியின் ஜன்னல் வழியே வேறொரு குடும்பத்துக்குப் போய்ச் சேருகிறது. அந்தக் குழாய்ச் சந்தைச் சுத்தமாக வைத்திருப்பது சங்கத்தின் வேலை.

காரணத்தைக் கண்டறிய எளிய சோதனைகள் உள்ளன. ஒரு சதுர அடி அளவுள்ள பிளாஸ்டிக் தாளைக் கறைபட்ட சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி ஓரிரு நாட்கள் விட்டுப் பாருங்கள்: தாளின் அறைப்பக்கம் ஈரமாக இருந்தால் காற்றின் நீராவி படிகிறது, சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து நீர் வருகிறது. எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் தண்ணீர் மீட்டர் சுற்றினால், வரத்துக் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, சிறிதளவு தண்ணீர் தேக்கி, ஒரு நாள் கழித்துக் கீழே கூரையைப் பார்த்தால் தரையின் நிலை தெரிந்துவிடும். மொட்டை மாடிக்கும் இதே முறை பொருந்தும். பெயிண்டரை அழைப்பதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

மூலத்தை அடைத்த பின்னும் சுவர் உடனே காய்ந்துவிடாது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. காயாத சுவரின் மேல் நீர் புகாத பெயிண்டை அடித்தால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கொப்புளித்து, காரையையும் பெயர்த்துக்கொண்டு வெளிவரும். பூஞ்சையை அகற்றுவதிலும் இதே அவசரம் காட்டப்படுகிறது. கண்ணாடி, டைல்ஸ் போன்ற பரப்புகளைச் சோப்புநீரால் தேய்த்து உலர்த்தினாலே போதுமானது. பிளீச்சிங் திரவம் காரை, மரம் போன்ற நுண்துளைப் பொருள்களின் ஆழத்துக்குப் போவதில்லை. அதை அமிலக் கழிவறைத் திரவத்தோடோ அம்மோனியா கலந்த திரவத்தோடோ சேர்த்தால் நச்சு வாயு எழும் என்பதை வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், மருந்தடித்துக் கொல்வதோடு நிற்காமல் அதை நீக்கியாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமா உள்ளிட்ட சுவாசக் கோளாறுகள் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துரைத்தது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அந்த வீட்டின் பூஞ்சையை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் முன்னரே புகார் செய்திருந்தார்கள். அதன் பின் அந்நாட்டில் குறைந்த வாடகைக்கு வீடு தரும் சமூகக் குடியிருப்பு நிறுவனங்கள் இத்தகைய புகார்களைக் குறித்த காலத்துக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்ற விதி, அக்குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் சட்டத்தின் வழி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் அந்த ஒழுங்கை நாமாகவே ஏற்றுக்கொள்ளத் தடையேதும் இல்லை.

உரிமையாளர்களுக்கு இதில் இரக்கத்தைக் காட்டிலும் உறுதியான ஒரு சுயநலமும் இருக்கிறது. கசிவு நீர் காங்கிரீட்டுக்குள் உள்ள கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும்; துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலுள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இன்று குளியலறைத் தரையின் இடுக்கை அடைக்கும் சிறு செலவைத் தள்ளிப்போடுபவர், பின்னாளில் கூரைத் தளத்தையே பழுதுபார்க்க நேரிடும். சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கும் அபாயத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

எனவே சங்கங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஈரம் பற்றிய புகார் தேதியிட்டுப் பதிவாக வேண்டும். குறித்த நாட்களுக்குள் உரிமையாளர், குடியிருப்பவர், சங்கப் பிரதிநிதி மூவரும் சேர்ந்து இடத்தைப் பார்வையிட வேண்டும். மேல்வீட்டார் சோதனைக்குக் கதவைத் திறந்துவிடும் கடமையைச் சங்க விதியிலேயே எழுத வேண்டும், ஏனெனில் நடைமுறையில் பல விசாரணைகள் அந்தக் கதவிலேயே நின்றுபோகின்றன. செலவு யாருடையது என்பதை மூலம் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம்: பொதுக்குழாயும் வெளிச்சுவரும் மாடியும் என்றால் சங்கம், வீட்டுக்குள் உள்ள குழாயும் தரையும் என்றால் அந்த வீட்டின் உரிமையாளர், வசதிகள் அனைத்தும் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டதால் வந்தது என்றால் குடியிருப்பவர். உரிமையாளர்களோ, வீட்டை ஒப்படைக்கும் நாளில் சுவர்களின் நிலையைப் படமெடுத்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாமல், காலி செய்யும் நாளில் பழைய கறைக்காக முன்பணத்தில் கைவைப்பது முறையல்ல. புகார் சொன்னதையே காரணமாக்கி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதும் கூடாது. அந்த அச்சத்தினால்தான் பலர் கறையின் மேல் நாட்காட்டியை மாட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், கசிவும் யாரும் அறியாமல் வளர்ந்துவிடுகிறது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். வாடகைக்கு இருப்போருக்கு வாக்குரிமை இல்லாத சங்கங்கள்கூட, இந்தப் பொருள் பேசப்படும்போது அவர்களை அழைக்க வேண்டும். சுவர் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், யார் வீட்டில் தண்ணீர் திறந்த பிறகு நனைகிறது என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்களே.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர்