குதிரைக்குப் பதில் மதுவமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாண் மாவைப் பொங்க வைக்கும் மதுவத்தின் மரபணுவை மாற்றி, பாம்பு விஷத்தை முறிக்க, பிறபொருளெதிரிகளுக்கு (அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதங்களுக்கு) பதிலாகச் சிறு புரதங்களை உண்டாக்க மாணவர் குழு ஒன்று முயல்வது பற்றிய உங்கள் கட்டுரையை வெட்டி வைத்திருக்கிறேன். 31 வருடம் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவன் நான்.

படித்ததும் நினைவுக்கு வந்தது ஒரு ஜாம் போத்தல். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் விரலில் கடிபட்ட அக்கா ஒருவர், பாம்பை அடித்து அதில் போட்டுக் கொண்டுவந்தார். பாம்பின் மூக்கு நுனி மேலே வளைந்திருந்தது. சிங்களத்தில் குணகட்டுவா எனும் விரியன் வகை அது. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், இதற்குக் கேட்காது. கை முழங்கை வரை வீங்கியது. ஆள் பிழைத்தார், விரல் போனது.

அந்த மருந்து, குதிரைக்கு விஷம் ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் பிறபொருளெதிரிகள்தான். சிலருக்கு அதை ஏற்றியதும் உடம்பு உதறும், மூச்சு முட்டும். மதுவத்தில் மருந்து செய்வதோ புதுக்கதை இல்லை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1986 முதல் அப்படி வருகிறது. ஒட்டகத்தின் இரத்தத்தில் கண்டு 1993இல் அறிவித்த ஒருவகைப் பிறபொருளெதிரியிலிருந்து பெறும் குட்டித் துண்டின் எடை, வழமையான பிறபொருளெதிரியில் பத்தில் ஒன்றுதான். அதையும் மதுவத்தில் செய்யலாம்.

ஆனால் ஆய்வுகூடத்தில் விஷத்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் உடனே ஊசிமருந்து ஆகிவிடாது. கட்டுரை அதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

என் பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்க விடியற்காலை ஹட்டனுக்கு பஸ் ஏறுகிறாள். இப்படியான குழுக்களில் எங்கள் பிள்ளைகள் சேர வழி என்னவென்று அடுத்த முறை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர்,
பொகவந்தலாவை