இங்கயும் காலைக்காட்சி உண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க கடுதாசி வெள்ளிக்கிழமை கிடைச்சுது. போன்ல பேசுனா "சரி, அம்மாட்ட குடுக்கேன்"னு முடிச்சிருவீங்க. கடுதாசியில பாத்தா நான் வேல பாக்குற தியேட்டரப் பத்தி முழுப் பக்கமும் கேள்வி. என்ன படம், தினம் எத்தன ஷோ, மிஷின் ரூம்ல எத்தன ஆளு? அம்மா சொல்லி எழுதுனது ஒரே வரி: ஒழுங்கா சாப்பிடுதாளான்னு கேளுங்க.

சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்ல. பெரியத்தை இடிச்சுக் குடுத்த மிளகாப்பொடி இன்னும் கிடக்கு. முட்டை, உருளக்கிழங்கு எல்லாத்துலயும் அதத்தான் தூவுதேன். ராத்திரி ஷோ முடிஞ்சா மிஞ்சுன பாப்கார்ன நமக்கே குடுத்துருவாங்க, அன்னைக்குச் சமையலும் மிச்சம். இங்க பிரிட்டன்ல டிசம்பர்னா மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிருது. ஹீட்டர் போட்டா எனக்குத் தலை வலிக்கு, அதனால போடுறதில்ல. போர்வை ரெண்டு இருக்கு.

கீழ் வீட்டுல ஒரு கிழவி இருக்கா. என்ன படம்னே கேக்க மாட்டா, வியாழக்கிழமை காலை ஷோவுக்குத் தவறாம வருவா. தியேட்டர் கப்போட விளிம்பு தடிமனாம், அதனால டீக்குச் சொந்தக் கப்பு கொண்டாருவா. பாதிப் படத்துல தூங்கிருவா. சாயந்திரம் என் கதவத் தட்டி, "கடைசியில என்னாச்சு?"ன்னு கேப்பா. நான் பாக்காத படம் ஒண்ணுக்கு நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். ரொம்ப நல்ல படம்னு தெரு முழுக்கச் சொல்லிட்டா.

இனி உங்க கேள்விக்கு வாரேன். மிஷின் ரூம்ல ஆளு நான் ஒருத்திதான். டிக்கெட் கிழிக்கிறதும் நான்தான். ஒரே ஸ்கிரீன், நூத்துச் சில்லற சீட்டு. வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு வியாழக்கிழமையோட வாரம் முடியும். பெரிய படம் வேணும்னா, முதல் ரெண்டு வாரம் எல்லா ஷோவும் எங்க படம்தான்னு விநியோகஸ்தர் நிப்பாரு. முதல் வாரம் வசூல்ல பாதிக்கு மேல அவங்களுக்கு. போகப்போகத்தான் பங்கு இறங்கும். ஆனா ஊரு சின்னதுலா? பாக்க வேண்டியவன் முதல் வாரத்துலயே பாத்திருவான். ரெண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு நாலு தலை. நாலு தலைக்கும் கரண்டு அதே கரண்டுதான்.

ஆகவே ஸ்பெஷல் ஷோ இல்லன்னா தியேட்டர மூட வேண்டியதுதான். திங்கக்கிழமை காலையில வார இறுதி வசூல் கைக்கு வந்ததும் மேனேஜரம்மா போனும் கையுமா உக்காந்திருவாங்க. "சாயந்திர ஷோ பூரா உங்களுக்கு, வியாழன் காலையும் ஞாயிறு காலையும் எனக்கு"ன்னு விநியோகஸ்தர்ட்ட பேரம் பேசுவாங்க. நம்ம முதலாளி, டி.கே. ஏரியா (திருநெல்வேலி-கன்னியாகுமரி) விநியோக ஆபீஸ்காரங்கட்ட மல்லுக்கு நிக்கிறதக் கேட்டு வளந்தவ நான், இங்கிலீஷ்ல நடந்தாலும் அதே பேரம்தான். வியாழன் 11 மணிக்கு வயசானவங்க ஷோ, டீயும் பிஸ்கட்டும் டிக்கெட்டோட சேத்தி. கைப்பிள்ளக்காரிங்களுக்கு ஒண்ணு: சத்தத்தக் குறைச்சு, லைட்ட மங்கலா விட்டு ஓட்டணும். ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு மாசம் ஒண்ணு. அதுல விளம்பரம் கிடையாது, பிள்ளைங்க எந்திச்சு நடக்கலாம், பேசலாம், யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அந்த ஷோதான் எனக்குப் பிடிச்ச ஷோ. லண்டன் நேஷனல் தியேட்டர் நாடகத்தையும் 2009ல இருந்து நேரடியா சினிமாத் தியேட்டருக்கு அனுப்புதாங்க. ஒரு சாயந்திரம் பூரா அதுக்கே போயிரும், ஆனா டிக்கெட் விலை கூட.

பிலிம் பொட்டி வர்றதெல்லாம் இப்பக் கிடையாது. படம் ஹார்ட் டிஸ்க்ல பூட்டித்தான் வரும். அதத் திறக்குற கம்ப்யூட்டர் சாவி தனியா மெயில்ல வரும். இன்ன மிஷினுக்கு, இன்ன தேதி, இத்தன மணியில இருந்து இத்தன மணி வரைக்கும்னு அதுல கணக்கு உண்டு. ஒரு வியாழக்கிழமை 11 மணி ஷோவுக்கு 12 மணியில இருந்துதான் சாவி செல்லும்னு அனுப்பிட்டாங்க. என்ன செய்ய? தென்காசிப் பொட்டி சைக்கிள்ல வர்ற வரைக்கும் நீங்க ஸ்லைடு போட்டுச் சமாளிச்ச மாதிரி, இருந்த டிரெய்லரெல்லாம் ஓட்டினேன். கிழவிங்க மூணாவது டீ குடிச்சாங்க.

பழைய 35 எம்.எம். மிஷின் ரெண்டும் இன்னும் மாடியில நிக்கி. எப்பவாவது பழைய பிரிண்ட் வரவழைச்சு ஓட்டுவாங்க. லென்ஸுக்குப் பின்னால பிலிம் ஓடுற கேட்டுக்கு மேல ஒரு லூப்பு, கீழ ஒரு லூப்பு தளர்வா விட்டு நான் பிலிம் மாட்டுனத மேனேஜரம்மா வாயப் பொளந்து பாத்தாங்க. ரீல் முடியப்போற நேரம் திரையில வலது மேல் மூலையில முதல் புள்ளி வந்ததும் அடுத்த மிஷினோட மோட்டார், ரெண்டாவது புள்ளிக்கு மாத்து. நீங்க எண்ணச் சொல்லிக் குடுத்த எண்ணிக்கை கைக்கு அப்படியே வந்துட்டு.

அப்புறம், ஞாயித்துக்கிழமை. நீங்க காலைக்காட்சிக்கு மலையாளப் படம் போட்டா ஆரியங்காவு, தென்மலை ஆளுங்க காலை வண்டியில வந்து இறங்குவாங்கல்லா? அந்த யோசனையத்தான் இங்க எடுத்து விட்டேன். ஆஸ்பத்திரியில மலையாளி நர்சுங்க நிறைய. ஒரு சேச்சிக்குப் புனலூரு. "செங்கோட்டையா? 1956 வரைக்கும் நீங்க எங்க திருவிதாங்கூர்-கொச்சி ஆளுங்கதானே"ன்னு சொல்லி அன்னைக்கே கப்பக்கிழங்கும் மீனும் தந்துட்டாங்க. படத்துக்கு எம்.ஜி. (கூட்டம் வந்தாலும் வராட்டாலும் குடுக்க வேண்டிய குறைஞ்சபட்சத் தொகை) கட்டணும், போட்ட காசு வருமான்னு மேனேஜரம்மாவுக்குப் பயம். சேச்சி நைட் டூட்டியில இருந்துக்கிட்டே வாட்ஸாப்ல பாதித் தியேட்டர வித்துட்டாங்க.

இங்க படத்துக்கு நடுவுல இன்டர்வெல் விடுற வழக்கம் கிடையாது. சேச்சிமார் விடல. படத்துலயே இடைவேளைன்னு போட்ட இடத்துல நிறுத்தி லைட்டப் போட்டேன். தூக்குவாளியத் திறந்து பழம்பொரிய எடுத்தாங்க பாருங்க, தேங்காயெண்ணெ வாசம் வராந்தா முழுக்க. ஒரு சின்னப் பிள்ள அவ அப்பா சட்டையப் பிடிச்சு இன்னொண்ணு கேட்டு அழுதுச்சு. அதுக்கு மேல என்னால கீழ நிக்க முடியல, மாடிக்கு ஓடிட்டேன். இந்த இடத்த மட்டும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டாதீங்க.

புளியரை வயல் விஷயம். அண்ணன் விக்கணும்னு நிக்கிறதுல எனக்கு வருத்தமில்ல. மைனியோட தம்பி கொண்டுவந்த விலைக்குத்தான் குடுக்கணும்னு என்ன அவசரம்? சின்ன மாமாவ வச்சு இன்னும் ரெண்டு பேருகிட்ட விசாரிங்க. வித்தா முதல்ல என் படிப்புக்குப் பேங்குல வச்ச வீட்டுப் பத்திரத்த மீட்டுருங்க. மிச்சத்துல தங்கச்சிக்கு எடுத்து வச்சிட்டு அண்ணன் கடைக்குக் குடுங்க. இந்த மாசம் பணம் பதினஞ்சு தேதிக்கு மேலதான் அனுப்ப முடியும். குளிர்காலத்துல ஷோ கொஞ்சம் குறைவு, வேற ஒண்ணுமில்ல.

வயல விக்க நான் வர வேண்டியதில்ல. எனக்குப் பதிலா கையெழுத்துப் போட பவர் பத்திரம் எழுதி, இங்க இந்தியத் தூதரகத்துல அட்டஸ்ட் பண்ணி அனுப்புதேன். கையில கிடைச்சு மூணு மாசத்துக்குள்ள அங்க ஸ்டாம்ப் கட்டிரணும், கிடப்புல போட்டுராதீங்க. பவர் உங்க பேருக்குத்தான், அண்ணன் பேருக்கு இல்ல. அவன் கோவப்பட்டா நான் சொன்னேன்னே சொல்லுங்க. தாத்தா காலத்து வயல் பத்திரத்துல பழைய நம்பர்தான் இருக்கும். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல புது சர்வே நம்பர், உட்பிரிவு, நாலு எல்லை எல்லாம் கேட்டு வாங்கி, தங்கச்சிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அது வந்த பெறகுதான் பவர் பத்திரம் எழுதக் குடுப்பேன்.

உங்கள்
பாப்பா