கடைமடைக் கணக்கு போட்டு ஒரு பேல் ஏல்

அன்புள்ள மாப்ளே,

பேல் ஏல் என்னும் பீர் வகையை வீட்டில் காய்ச்ச நீ அனுப்பிய திட்டத்தை நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். மெல்போர்னில் இதுவரை டப்பாவில் வரும் மால்ட் சாற்றைக் கரைத்துக் காய்ச்சியவன், இனி முழுத் தானியத்தில் இறங்கப் போகிறாய். சந்தோஷம். ஆனால் ஆறு வகை மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), நான்கு வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), போதாக்குறைக்கு அத்தை கொடுத்தனுப்பிய மாப்பிள்ளைச் சம்பா! முதல் நடவிலேயே வயலில் ஏழு ரகம் விதைப்பவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

அத்தனை பெரிய பட்டியலில் ஒரு விஷயத்தைக் காணவில்லை. எவ்வளவு தண்ணீர்?

எட்டு வருஷத்துக்கு முன்னால், அங்கே இருந்தபோது, நானும் இதையேதான் செய்தேன். இருபது லிட்டர் பீர் வேண்டும் என்று இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் வைத்தேன். கடைசியில் கிடைத்தது பதினான்கு. திருவையாற்றுக்காரன், வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவன், திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் கடைமடைக்கு வந்து சேராது என்பதை மறந்துவிட்டேன். வழியில் மண் குடிக்கும், வெயில் குடிக்கும். இங்கேயும் அதே கதைதான்.

கடைமடையிலிருந்து மேலே போ. நொதிக்கும் வாளிக்கு 20 லிட்டர் வேண்டும். சட்டியின் அடியில் ஹாப்ஸ் சக்கையோடு 2 லிட்டர் தங்கிவிடும். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகப் போவது சுமார் 4. தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் குடிக்கும்; ஐந்து கிலோ என்றால் 5. ஆக மொத்தம் 31 லிட்டர். பையைப் பிழிந்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அதை லாபமாக வைத்துக்கொள். தானியமும் சேர்ந்தால் முப்பத்தைந்து லிட்டர் கிட்டே வரும். உன்னிடம் இருப்பது முப்பது லிட்டர் சட்டி. வேறு எதையும் வாங்காதே, முதலில் நாற்பது லிட்டர் சட்டி வாங்கு.

பைமுறையிலேயே செய். ஆஸ்திரேலியாக்காரர்கள் பழக்கிவிட்ட முறைதான்: ஒரே சட்டி, பெரிய வலைப் பை, ஊறி முடித்ததும் பையைத் தூக்கிவிட்டால் போதும். தனிப் பாத்திரத்தில் வடிகட்டுகிறவர்களுக்கு பார்லியின் உமிதான் சல்லடை. அது அடைத்துக்கொண்டால் நெல் உமி சேர்ப்பார்கள். அங்கே ஹோம்ப்ரூ கடையில் நெல் உமியைப் பொட்டலம் போட்டு விற்றதைப் பார்த்து நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். இங்கே ரைஸ் மில் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது.

இப்போது மால்ட். 4.7 கிலோ பேல் மால்ட், நிறத்துக்கும் இனிப்புக்கும் 300 கிராம் கிரிஸ்டல் மால்ட். அவ்வளவுதான். மற்ற நான்கையும் அடித்துவிடு. மால்ட் உனக்குப் புதிசு இல்லை. சின்ன வயதில் நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடி வைப்போமே, மறுநாள் உள்ளே கையை விட்டால் சுடுமே, வெள்ளை முளை எட்டிப் பார்க்குமே, அதேதான். பார்லியை அந்த நிலையில் காயவைத்து முளையை நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கும்போது உண்டான நொதிகள் உள்ளேயே தூங்கும். சரியான சூட்டில் தண்ணீர் பட்டால் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும்.

அந்தச் சரியான சூடு 67 டிகிரி. 62 பக்கம் போனால் பீர் வறண்டு மெலிந்துவிடும், 70 தாண்டினால் கனத்து இனிப்புத் தங்கும், 80-ல் நொதியே செத்துப்போகும். குளிர்ந்த தானியம் விழுந்ததும் தண்ணீர் ஆறும் என்பதால், 31 லிட்டரையும் 70 டிகிரிக்குக் காய்ச்சி அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டு. கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறு. களி கிண்டத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. பிறகு ஜூலைக் குளிருக்குப் பழைய ரஜாய் ஒன்றைச் சட்டிக்குச் சுற்றி ஒரு மணி நேரம் விடு. தெர்மாமீட்டரை முதல் நாளே கொதிக்கும் தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்.

மாப்பிள்ளைச் சம்பா வேண்டாம். அரிசி மாவுச்சத்து வேக இந்தச் சூடு பத்தாது, தனியாகக் குழைய வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். அரிசி ஆசை விடவில்லை என்றால் அடுத்த தடவை 300 கிராம் அவல் போடு. அவல் ஏற்கெனவே வெந்தது, நேரே மால்ட்டோடு கொட்டலாம்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. பேல் ஏலுக்கு இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேர் வாங்கியதே அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சத்தால்தான். ஹாப்ஸ் கசப்பு பளிச்சென்று நிற்கும். மெல்போர்ன் தண்ணீர் ரொம்ப மென்மை. 5 கிராம் ஜிப்சம் போடு. ஆமாம், நாம் களர் நிலத்துக்கு மூட்டை மூட்டையாக இறைக்கும் அதே ஜிப்சம், ஆனால் சாப்பாட்டுத் தரத்தில் வாங்கு. குழாய்த் தண்ணீரின் குளோரின் போக, ஹோம்ப்ரூ கடையில் கிடைக்கும் கேம்ப்டன் மாத்திரை அரை போடு.

ஹாப்ஸ் ஒரே ரகம், கேஸ்கேட். 1972-ல் அமெரிக்காவில் வெளிவந்த ரகம், அந்த ஊர்ப் பேல் ஏலின் வாசனையே அதுதான். பையைத் தூக்கிவிட்டு, சாறு கொதி வந்ததும் 30 கிராம், கடைசிப் பத்து நிமிஷத்தில் 30, அடுப்பை அணைத்ததும் 40. கொதிக்கும்போது மூடாதே, மூடினால் வேகவைத்த சோள வாடை பீரிலேயே தங்கிவிடும். முதல் நுரை திடீரென்று பொங்கும், பால் மாதிரி. பக்கத்திலேயே நில்.

பிறகு உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் செப்புச் சுருள் வைத்துக் குளிர்வித்து, 20 டிகிரிக்குக் கீழே வந்ததும் யூஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட். அந்த நிமிஷத்திலிருந்து தொடுகிற எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்கட்டும். 18 டிகிரியில் வை. சாக்கு நெல் மாதிரி இதுவும் தானாகச் சூடேறும், ஆகவே ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. இரண்டு வாரம் கழித்து, மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒரே எண் காட்டினால்தான் பாட்டிலில் அடை. பாட்டிலில் நுரை பிடிக்க லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூட வேண்டாம். பாட்டில் வெடிக்கும்.

இங்கே நான் இதைச் செய்ய முடியாது என்பது உனக்குத் தெரியும். 1937-ல் போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நுரைத்துப் பொங்குவது இட்லி மாவு மட்டும்தான். அதனால் நீ காய்ச்சுவதை எண்ணிலாவது பார்க்கிறேன். ஈஸ்ட் போடுமுன் எடுக்கும் ஹைட்ரோமீட்டர் அளவை மறக்காமல் எனக்கு அனுப்பு. 1.050 பக்கம் வர வேண்டும், முடிவில் 1.012-க்கு இறங்கினால் ஆல்கஹால் ஐந்து சதவீதம். ஞாயிற்றுக்கிழமை குறுவை நாற்றுப் பறிக்கிறோம், போன் வரப்பில் கிடக்கும். சாயங்காலம் குடமுருட்டியில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன்.

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உன் மாப்ளே