கடைத்தெருவுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நிபோங் திபாலிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பஸ் பிடித்து பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குக் கிளம்புவது வழக்கம். கொடிமலை, பேரங்காடி, லெபோ ஆர்மேனியனில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை, கடைசியாக லிட்டல் இந்தியாவில் ஒரு மணி நேரம். அதிலும் பாதி சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் போய்விடுகிறது. லிட்டல் இந்தியாவில் இருக்கும், நம்மவர்கள் கடைத்தெரு என்றே அழைத்த லெபோ பாசாரை இப்படிக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதலில் அங்கே போங்கள், அரை நாள் ஒதுக்குங்கள்.

அந்தச் சிறு கடைகள் என்றைக்கும் இருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் ரத்தானது. 2000 ஜனவரி முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. தலைமுறையாக அங்கே இருந்த கைத்தொழில்காரர்களும் சிறு வியாபாரிகளும் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலை 7-இல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபிறகு கட்டடங்களை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. ஆனால், உள்ளே உட்கார்ந்து தொழில் செய்பவருக்கு அன்றாட வியாபாரத்தை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தி எழுத வேண்டியிருக்கிறது.

சிறு குடும்பம் என்றால் பஸ்கூட வேண்டாம். நிபோங் திபாலில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால், தீவுக்குப் படகு ஏறும் பெரித்துறை நடக்கிற தூரம்தான்.   அக்கரையில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு. பஸ்ஸில் வரும் கூட்டம் ஐந்தாறு பேராகப் பிரிந்து போவது நல்லது. கடைகளின் முகப்பு குறுகலானது. நாற்பது பேர் அஞ்சடியை, அதாவது கடை முன்னுள்ள நடைபாதையை, அடைத்துக்கொண்டு நின்றால் கடைக்காரர் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. காலை பத்து மணிவாக்கில் போனால் பேச அவருக்கு நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் முஸ்லிம் அன்பர்களின் கடைகள் பல தொழுகைக்காகச் சாத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சீனக் கைத்தொழில் கடைகள் பலவற்றுக்கு விடுமுறை.

மளிகைச் சரக்கைப் பாக்கெட்டில் அடைத்ததாக வாங்காமல் மூட்டையிலிருந்து நிறுத்து வாங்குங்கள். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். வறண்டிருந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. ஏலக்காயில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் நல்லது, வெளுத்து உலர்ந்திருந்தால் பழசு. கறித்தூள் அரைக்க 1 கிலோ மல்லிக்கு 500 கிராம் காய்ந்த மிளகாய், சீரகமும் சோம்பும் 100 கிராம் வீதம், மிளகும் மஞ்சளும் 50 கிராம் வீதம் என்பது நம் வீடுகளுக்கு ஒத்துவரும் கணக்கு. மில்லில் அரைத்த தூள் சூடாக வரும். அதை அப்படியே டின்னில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். பஸ்ஸில் கொண்டுவருவதானால் காகிதப்பையே போதும். பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஜாலான் பினாங்கில் உள்ள சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் ஜாதிக்காயைத் தவறவிட வேண்டாம். பினாங்குத் தீவில் பாலிக் பூலாவ் பக்கம் இன்றும் விளைகிற காய் அது. சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறப்போட்டது ஒன்று, அதையே உலர்த்தியது ஒன்று, கொட்டை தனி, கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த ஜாதிபத்திரி தனி. சமையலுக்கென்றால் ஓடு உடைக்காத கொட்டையாகக் கேளுங்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் பருப்பு இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அது வீட்டில் பூத்துப்போகும்.

பத்தரிடம் நகை வாங்குகிறவர்கள் ரசீதில் மூன்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எடை, அன்றைய கிராம் விலை, கூலி. 916 முத்திரை என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும். உருண்டை மணிகளுக்குள் அரக்கு நிரப்பியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வாங்கும்போது கேட்காமல் விட்டால் விற்கும்போது அந்த எடை நம் கணக்கில் நஷ்டமாக வரும். அறுந்த சங்கிலியை ஒட்டுவதற்குச் சின்னப் பத்தரே சரியான ஆள். பற்றாசு (ஒட்டுவதற்கு உருக்கி வைக்கும் உலோகம்) எங்கே வைக்கிறார் என்று நம் கண்முன்னேயே பார்க்கலாம். பற்றாசில் தங்கத்தின் தரம் குறைவு என்பதால், பலமுறை ஒட்டிய சங்கிலியை உருக்கினால் 916 நிற்காது. இதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது தொழிலின் இயல்பு.

சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதென்றால் போனவுடனே கொடுத்துவிடுங்கள், கிளம்புவதற்குள் கிடைத்துவிடும். துணிக்கடையில் பேரம் பேசலாம். கிராம் கணக்கில் நிறுக்கும் சரக்குக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொல்லி நிற்பது நியாயமில்லை. மல்லிகைச் சரத்தை மட்டும் கடைசியாக வாங்குங்கள்; பூட்டிய பஸ்ஸில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும்.

அடுத்த விடுமுறைக்கு நிகழ்ச்சி நிரல் போடுகிற நிர்வாகத்தினர் காலையில் கடைத்தெரு, மாலையில் கொடிமலை என்று மாற்றி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். மாலையில் மலை ஏறினால் விளக்குப் போட்ட பட்டணத்தையும் பிள்ளைகள் பார்க்கலாம்.

வாசகர்கள்,
நிபோங் திபால், பினாங்கு