பிறந்த குழந்தையின் மூளை ஸ்கேனுக்குத் துணை நிற்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறி, மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்துபோன குழந்தைகளுக்கு எடுக்கும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் கையெழுத்து எங்களுடையது. ஆனால் படம் தெளிவாக வருமா, கலங்கி வருமா என்பது குழந்தை காந்தத்துக்குள் போவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்பவர்களின் பெயர் ரிப்போர்ட்டில் வருவதில்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கு. மயக்க மருந்தே கொடுக்காமல், பால் கொடுத்துத் தூங்க வைத்து ஸ்கேன் எடுக்க முடிவது உங்களால்தான். பால் குடிக்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு முந்தைய வேளைப் பாலைச் சற்றுத் தள்ளிப்போட்டு, ஸ்கேனுக்கு அரை மணி முன்னதாக வயிறு நிறையக் கொடுக்கிறீர்கள். ஏப்பம் வந்ததும் ஈரத்துணி மாற்றி, வெதுவெதுப்பான பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே சின்னச் சின்ன தெர்மாகோல் மணிகள் கொண்ட பையில் படுக்க வைக்கிறீர்கள். பம்பால் காற்றை உறிஞ்சியதும் பை இறுகிக் குழந்தையின் உடல் வடிவத்துக்கே நின்றுவிடும். அப்போது நெஞ்சுக்கும் துணிக்கும் இடையே ஒரு விரலை விட்டுப் பார்க்கிறீர்களே, அது மிக முக்கியம். அதற்குமேல் இறுகினால் மூச்சு வாங்கும், தளர்ந்தால் கை வெளியே வந்துவிடும்.

காது அடைப்பதிலும் அதே கவனம். இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மென்மையான அடைப்பு, அதன்மேல் ஒட்டும் காதுமூடி, பிறகு தலையின் இரு பக்கமும் பஞ்சுத் திண்டு என்று மூன்றையும் வைத்தால்தான் குழந்தை திடுக்கிடாமல் தூங்கும். காலில் கட்டிய ஆக்ஸிமீட்டர் ஒயரை வளையம் விழாமல் நேராக இழுத்து விடுகிறீர்கள். சுருண்டு கிடக்கும் உலோக ஒயர் காந்த அறையில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஸ்கேன் அறை குளிர்ச்சியானது என்பதால் போகும்போதும் திரும்பும்போதும் உடல் வெப்பத்தைக் குறித்து வைக்கிறீர்கள்.

அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் அடுத்த நன்றி. அரைஞாண் கயிறு, தாயத்து, கொலுசு, காப்பு எல்லாம் ஆசையோடும் நம்பிக்கையோடும் போட்டவை. கேட்டதும் மறுக்காமல் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். தாயத்துக்குள் இருக்கும் தகடு என்ன உலோகம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கண் மையையும் திருஷ்டிப் பொட்டையும் ஈரப்பஞ்சால் துடைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சில மைகளில் இரும்புச் சேர்மம் இருக்கும். கண்ணோரம் துளி ஒட்டியிருந்தாலும் அந்தப் பகுதியின் படம் கோணலாகிவிடும்.

பிரசவ அறையில் பிறந்த நேரத்தையும் கர்ப்ப வாரத்தையும் சரியாக எழுதி அனுப்புகிறவர்கள் தங்கள் பணி அத்தோடு முடிந்தது என்று நினைக்கலாம். எங்களுக்கு ரிப்போர்ட்டின் பாதி அதில் இருக்கிறது. மூளைத் திசுவில் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் எம்ஆர்ஐ வகையான டிடபிள்யூஐயைப் பரவல் படம் என்போம். அதைக் குழந்தை பிறந்து 3 முதல் 5 நாளுக்குள் எடுத்தால்தான் பாதிப்பைச் சரியாகக் காட்டும். முதல் நாளில் எடுத்தால் குறைத்துக் காட்டும். ஒரு வாரம் ஆகிவிட்டால் பாதிப்பு அப்படியே இருக்க, படம் மட்டும் இயல்பானதுபோல் மாறிவிடும். கர்ப்ப வாரமும் அதேபோலத்தான். மூளையின் ஆழத்தில் கை கால்களுக்கான நரம்பு இழைகள் இறங்கிவரும் உள்ளுறையின் பின்கால், நிறைமாதக் குழந்தையில் டி1 என்ற எம்ஆர்ஐ பட வகையில் சிறு வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். 40 வாரக் குழந்தையில் அது காணவில்லை என்றால் நடப்பதில் பெரும் சிரமம் வரலாம் என்று கவலைப்படுவோம். 35 வாரக் குழந்தையில் அது தெரியாததே இயல்பு. தேதி தவறாக இருந்தால் ஒரு குடும்பத்தை வீணாகக் கலங்கடித்துவிடுவோம்.

ஸ்கேன் அறை டெக்னீஷியன்களே, பெரியவர்களுக்கான அளவுகளை அப்படியே வைத்து எடுக்காததற்கு நன்றி. பச்சிளங்குழந்தையின் மூளையில் நீர் அதிகம். டி2 என்ற இன்னொரு பட வகைக்கு எதிரொலி நேரத்தை, அதாவது சமிக்ஞையைப் பதிவு செய்யும் முன் காத்திருக்கும் நேரத்தை, 100 மில்லி விநாடியிலேயே விட்டால் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் பிரிந்து தெரியாது, 150ஐ ஒட்டி வைத்தால் தெரியும். எப்போது விழித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாத குழந்தைக்கு டி1ஐயும் பரவல் படத்தையும் முதலில் முடித்துவிடும் உங்கள் வரிசைதான் சரி. மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பிக்கு, அளக்க வேண்டிய 15 மில்லிமீட்டர் கட்டத்தை மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் பகுதி மீது பொறுமையாகப் பொருத்துகிறீர்கள். கட்டம் மூளைநீர் அறைக்குள் நழுவினால், நரம்பு செல்களின் நலத்தைக் காட்டும் என்ஏஏ என்ற வேதிப்பொருளின் அளவு பொய்யாகக் குறையும். தலைத்தோல் கொழுப்பின் சமிக்ஞை கலந்தால், ஆக்ஸிஜன் குறைந்ததைக் காட்டும் லாக்டேட் வரைபடத்தில் எழும் அதே 1.3 இடத்தில் அதுவும் எழுந்து எங்களை ஏமாற்றும்.

வென்டிலேட்டரில் உள்ள குழந்தைகளைக் கொண்டுவரும் மயக்கவியல் மருத்துவர்களுக்கும் உயிர்மருத்துவப் பொறியாளர்களுக்கும் நன்றி. சிரிஞ்ச் பம்ப்பை அறைக்கு வெளியே நிறுத்தி நீளக் குழாய் போடும்போது, குழாயை முன்கூட்டியே மருந்தால் நிரப்பிவிடுகிறீர்கள். நிரப்பாவிட்டால் அந்தச் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியும். இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டர் கதவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் காவலருக்கும் இதே நன்றி.

இன்னொரு கடனும் எங்களுக்கு உண்டு. மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளைக் குளிர்விப்பது பலன் தருமா என்று பார்த்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தைச் சேர்ந்த 408 குழந்தைகள் இருந்தார்கள். சென்னையும் களனியும் அதில் பங்கேற்றன. உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இங்கே தரவில்லை. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். பிறந்த சில மணி நேரத்துக்குள், மனம் உடைந்து நின்ற வேளையில் சம்மதம் சொன்ன பெற்றோர்களால்தான் நமக்கு இந்த உண்மை தெரிந்தது. அவர்களை வணங்குகிறோம்.

கடைசியாக, ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தையைத் திரும்ப அழைத்துவரும் பெற்றோருக்கும், மாவட்ட இடையீட்டு மையங்களில் வளர்ச்சியை அளந்து எங்களுக்கு எழுதி அனுப்பும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நன்றி. படத்தைப் பார்த்து நாங்கள் சொன்னது எவ்வளவு சரி என்பது உங்கள் தாளைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரிகிறது. வரும்போது பழைய ஸ்கேன் சிடியையும் கையோடு கொண்டு வாருங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, பரவல் படத்தின் அளவுகளைச் சிடியிலிருந்துதான் மறுபடி அளக்க முடியும்.

நன்றியுடன்,
பச்சிளங்குழந்தை மூளை ஸ்கேன் குழு